பென் பிரில் ஒலிம்பிக் பதக்கம் வாங்காமல் போனது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். பென் பிரில் என்ற டச்சு அமெச்சூர் குத்துச்சண்டை வீரரைப் பற்றி எங்கோ நாலு வரி படித்திருக்கிறீர்கள். பதினைந்து வயதில் ஒலிம்பிக், எட்டு முறை தேசிய சாம்பியன், ஆனால் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லை. "திறமை பாதியிலேயே தேய்ந்துவிட்டதா, இல்லை சின்ன எடைக்காரர் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லையா?" என்பது உங்கள் சந்தேகம். கடைசியில், அவர் எந்த எடைப் பிரிவுக்காரர் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு வீரரின் வாழ்க்கைக் குறிப்பைக் கேட்பது போல இருக்கிறது. எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. பதக்கம் இல்லாத ஒரு ஆளை எதை வைத்து எடைபோடுவது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். இருபத்திரண்டு வருடம் மாவட்ட, மாநில அளவிலான அமெச்சூர் போட்டிகளில் நடுவராகவும் ஜட்ஜாகவும் நின்றவன் நான். பிரிலும் பிற்காலத்தில் நடுவரானவர். அதனால் இந்த ஆள் மேல் எனக்குக் கொஞ்சம் சொந்தப் பற்று உண்டு, அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் வயதுக் கணக்கு. அவர் பிறந்தது ஆம்ஸ்டர்டாமில், 1912 ஜூலை 16. ஊரின் யூதர் பகுதியில், பிள்ளைகள் நிறைந்த ஏழைக் குடும்பம். ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை நடந்தது 1928 ஆகஸ்ட் 7 முதல் 11 வரை. கணக்குப் போட்டால் ரிங்குக்குள் கால் வைத்தபோது அவருக்குப் பதினாறு முடிந்து மூன்று வாரம். "பதினைந்து வயதில் ஒலிம்பிக்" என்று ஊரெல்லாம் எழுதுகிறார்கள். அணியோடு பயிற்சி செய்த நாட்களையும் சேர்த்துச் சொன்னால் அது பொய்யில்லை, சண்டை நடந்த நாளைச் சொன்னால் தவறு. பதினைந்தோ பதினாறோ, இன்றைய விதிப்படி அந்தப் பையன் பெரியவர்களின் ரிங்குக்குள்ளேயே வர முடியாது. 15, 16 வயது ஜூனியர், 17, 18 யூத், 19-க்கு மேல்தான் எலீட் என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பிரிவினை ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு சம்பவம் சொல்வதுண்டு. ஒரு போட்டியில் பத்தொன்பது வயது என்று சான்றிதழ் காட்டி ஒரு பையனை இறக்கியிருந்தார்கள். கை வேகம் அபாரம். முதல் ரவுண்டில் எதிராளியைத் தொடவே விடவில்லை. இரண்டாவது ரவுண்டில் எதிராளி கிட்டே வந்து தோளால் சாய்ந்து நின்றார், அவ்வளவுதான். பையனின் கால் மடங்கிவிட்டது. நான் நிறுத்திவிட்டேன். கோச் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. மேடையை விட்டு இறங்கும்போது பையன் மெதுவாகச் சொன்னான்: "சார், எனக்குப் பதினாறுதான்." எடை ஒன்றாக இருக்கலாம், எலும்பும் கழுத்தும் ஒன்றல்ல. பதினாறு வயதில் ஒருவன் பெரியவர்களோடு மோதி ஒரு சுற்றாவது தாண்டுகிறான் என்றால் அவனிடம் ஏதோ அசாதாரணம் இருக்கிறது என்றே அர்த்தம்.

பிரில் தாண்டினார். அவர் போட்டியிட்டது ஃப்ளைவெயிட், அதாவது 50.8 கிலோ வரை. அப்போது மொத்தமே எட்டு எடைப் பிரிவுகள்தான், அதில் இதுதான் அடிமட்டம். காலிறுதி வரை வந்து, தென்னாப்பிரிக்காவின் பேடி லெபனானிடம் தோற்றார் (பெயர்தான் லெபனான், ஆள் தென்னாப்பிரிக்கர்). அந்த லெபனானும் வெண்கலத்துக்கான சண்டையில் இத்தாலியின் கவன்யோலியிடம் தோற்று நாலாவது இடத்தில் நின்றார். தங்கம் ஹங்கேரியின் அந்தால் கோச்சிஷுக்குப் போனது. ஆக, சொந்த ஊரில், பதினாறு வயதில், உலகின் முதல் எட்டுப் பேரில் ஒருவர். பதக்கம் இல்லை என்பது உண்மை. ஆனால் இதைத் தோல்வி என்று எழுத எனக்குக் கை வராது.

அந்தக் காலத்துத் தீர்ப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று ரவுண்ட், ரவுண்டுக்கு மூன்று நிமிடம். தலைக்கவசம் கிடையாது, அது ஒலிம்பிக்குக்கு வந்தது 1984-இல். இன்று நாங்கள் ரவுண்டில் ஜெயித்தவருக்குப் பத்து புள்ளி என்று போடுகிறோமே, அதெல்லாம் அமெச்சூருக்கு வந்தது 2013-இல்தான். நடுவில் பட்டன் அழுத்தும் கம்ப்யூட்டர் முறை ஒன்று இருந்தது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் தெளிவாக ஜெயித்த அமெரிக்கர் ராய் ஜோன்ஸைத் தோற்றதாக அறிவித்த அநியாயத்துக்கு அப்புறம், ஒலிம்பிக்கில் அதை 1992-இல் கொண்டுவந்தார்கள். 1928-இல் எல்லாமே கண் மதிப்பு. ஆம்ஸ்டர்டாமில் அதனால் நடந்த கலாட்டாக்கள் கொஞ்சநஞ்சமல்ல. பேன்டம்வெயிட் (ஃப்ளைவெயிட்டுக்கு அடுத்த மேல் பிரிவு) அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவின் ஹாரி ஐசக்ஸ் வென்றதாக அறிவித்தார்கள். அமெரிக்கர்கள் கூச்சல் போட்டதும் தீர்ப்பைத் திருப்பி ஜான் டேலிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஃபெதர்வெயிட் இறுதியில் டச்சுக்காரரான பெப் வான் கிளாவெரன் அர்ஜென்டினாவின் விக்டர் பெரால்டாவைப் புள்ளிகளில் வென்றபோது அர்ஜென்டினா ரசிகர்கள் அரங்கத்தையே இரண்டாக்கினார்கள். பிரிலின் தோல்வியை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. பதினாறு வயதுப் பையன் ஒரு நல்ல வீரரிடம் தோற்றான், நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

வான் கிளாவெரன் பெயர் வந்துவிட்டதால் சொல்கிறேன், உங்கள் சந்தேகத்துக்கு ஒரு பாதி விடை அவரிடம் இருக்கிறது. ரோட்டர்டாம்காரர், பிரிலை விட ஐந்து வயது மூத்தவர், 1928 அணியில் கூட இருந்தவர். நெதர்லாந்து இன்று வரை ஒலிம்பிக் குத்துச்சண்டையில் வாங்கிய ஒரே தங்கம் அவருடையது. அவர் மறு வருடமே தொழில்முறைக்குப் போய், 1931-இல் லைட்வெயிட்டில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். அமெரிக்காவில் "டச்சுக் காற்றாலை" என்று பட்டப்பெயர். 1938-இல் மிடில்வெயிட்டிலும் ஐரோப்பியப் பட்டம். சின்ன எடைக்காரர் என்பதால் கண்டுகொள்ளவில்லை என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது. ஃபெதரும் லைட்டும் கனமான பிரிவுகள் இல்லை. ஆனாலும் ரோட்டர்டாம் அவருக்குச் சிலை வைத்திருக்கிறது. வித்தியாசம் எடையில் இல்லை. ஒருவர் காசுக்குச் சண்டை போட்டு உலகம் சுற்றினார், இன்னொருவர் அமெச்சூராகவே இருந்தார். அமெச்சூருக்குப் பேர் கிடைக்கும் வாசல் ஒன்றே ஒன்றுதான், அது நாலு வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் ஒலிம்பிக் வாசல். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கணக்கைப் பாருங்கள்.

1928-இல் பிரிலுக்குப் பதினாறு. 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் நடந்தபோது இருபது. 1936 பெர்லினில் இருபத்து நாலு. 1940-இல் இருபத்தெட்டு, போட்டியே நடக்கவில்லை. 1944-இல் முப்பத்திரண்டு, அதுவும் நடக்கவில்லை. அடுத்து 1948 லண்டன், அப்போது முப்பத்தாறு. குத்துச்சண்டை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சின்ன எடைகளில் உச்சம் இருபதுக்கும் இருபத்தாறுக்கும் நடுவில். அந்த வருடங்களில் பிரில் எங்கே இருந்தார்? உள்நாட்டில் ஜெயித்துக்கொண்டு இருந்தார். உடம்பு வளர வளர ஃப்ளைவெயிட்டை விட்டு மேல் பிரிவுகளுக்குப் போனார், மொத்தம் எட்டு முறை நெதர்லாந்து சாம்பியன். திறமை தேய்ந்த ஆளுக்கு எட்டுப் பட்டம் வராது. அதிலும் எடை மாறி மாறி ஜெயிப்பது லேசுப்பட்டதல்ல. காலையில் எடை பார்க்கும்போது அரைக் கிலோ கூடிவிட்டது என்று பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு கயிறு தாண்டி, எச்சில் துப்பித் துப்பி எடை குறைக்கும் பையன்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். மேல் பிரிவுக்குப் போகப் பயம், அங்கே கை நீளமானவர்கள் இருப்பார்கள் என்று. ஃப்ளைவெயிட்டில் ஜெயித்த அதே வித்தை லைட்வெயிட்காரனிடம் செல்லாது. இடைவெளி, கால் வைக்கும் முறை எல்லாவற்றையும் மாற்றிப் பழக வேண்டும்.

சரி, 1932-க்கு ஏன் போகவில்லை? பரவலாகச் சொல்லப்படும் காரணம் இது: அப்போதைய டச்சுக் குத்துச்சண்டைக் குழுவின் தலைவர் யூத வெறுப்பாளர், டச்சு நாஜிக் கட்சியான என்எஸ்பி-யைச் சேர்ந்தவர், அதனால் பிரிலை ஒதுக்கினார். பிரில் ஒதுக்கப்பட்டது உண்மை. காரணத்தைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். என்எஸ்பி கட்சி ஆரம்பித்ததே 1931 டிசம்பரில். லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டிக்கு ஏழெட்டு மாதம் முன்பு. அந்தத் தலைவர் அன்றே உறுப்பினராக இருந்திருக்கலாம், அல்லது பின்னால் சேர்ந்ததைப் பார்த்து மக்கள் பழையதோடு முடிச்சுப் போட்டிருக்கலாம். வெறுப்புக்குக் கட்சி அட்டை தேவையில்லை என்பதும் சரிதான். இன்னொன்றும் இருக்கிறது. உலகப் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி, அமெரிக்காவைக் குறுக்கே கடந்து கலிபோர்னியா போவது பெரிய செலவு. ஆம்ஸ்டர்டாமில் சுமார் 2,900 பேர் கலந்துகொண்ட விளையாட்டு விழா லாஸ் ஏஞ்சல்ஸில் சுமார் 1,300 பேராகச் சுருங்கியது. தேர்வு இவ்வளவு இறுக்கமாகும்போது, பிடிக்காத ஆளைக் கழற்றிவிடுவது எவ்வளவு சுலபம் என்பது தேர்வுக் குழுக்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். யாரும் "உன்னை ஒதுக்கிவிட்டேன்" என்று சொல்ல மாட்டார்கள். "நிதி இல்லை தம்பி, அடுத்த தடவை பார்க்கலாம்" என்பார்கள்.

1936 கதை வேறு. அங்கே குழப்பமே இல்லை. 1934-இல் பிரில் ஜெர்மனிக்குப் போய்ச் சண்டை போட்டார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. யூதர்கள் உள்ளே வரக்கூடாது என்ற பலகைகளைத் தன் கண்ணால் பார்த்தார். இந்த ஆள் ஆட்சியில் இருக்கும் வரை இந்த நாட்டுக்குத் திரும்ப வரமாட்டேன் என்று அன்றே முடிவு செய்துவிட்டார். அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் பெர்லின் ஒலிம்பிக். அவர் போகவில்லை.

இதை ஒரு விளையாட்டு வீரனின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். இருபத்து நாலு வயது. எட்டு வருடத்துக்கு முன்னால் விட்ட பதக்கம். நாலு வருடத்துக்கு முன்னால் வேறொருவர் பறித்த வாய்ப்பு. இதோ மூன்றாவது வாய்ப்பு, ரயிலில் ஏறினால் அன்றே போய்ச் சேர்ந்துவிடலாம். எங்கள் ஊர்ப் பையன்கள் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகவில்லை என்றாலே ஒரு வாரம் சாப்பிட மாட்டார்கள். அவர்களுக்கு நான் பிரிலைப் பற்றிச் சொன்னால், "போய் ஜெயித்துக் காட்டியிருக்கலாமே சார், ஜெஸ்ஸி ஓவன்ஸ் மாதிரி?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஓவன்ஸ் நாலு தங்கம் வென்றார், உலகம் கொண்டாடியது, பெர்லின் விழா மட்டும் ஹிட்லர் நினைத்தபடி கோலாகலமாகவே நடந்து முடிந்தது. போனவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் போகாமல் இருந்ததற்கு எந்த மெடலும் கிடையாது, புகைப்படம் கிடையாது, பதிவேட்டில் ஒரு வரி கிடையாது. நாங்கள் எழுதும் ஸ்கோர் அட்டையில் வராதவனுக்கு எதிரே "வாக்ஓவர்" என்றாவது எழுதுவோம். பெர்லின் அட்டையில் பிரிலின் பெயரே இல்லை. உங்களுக்குத் "தேய்ந்துபோன திறமை" மாதிரித் தெரிந்தது இந்த வெற்றிடம்தான் என்று நினைக்கிறேன்.

அவர் தனியாகவும் இல்லை. 1936-இல் ஆம்ஸ்டர்டாமில் பெர்லின் விழாவை எதிர்த்துக் கலைஞர்கள் ஒரு கண்காட்சியே நடத்தினார்கள். "சர்வாதிகாரத்தின் கீழ் ஒலிம்பிக்" என்பது அதன் பெயர். டச்சு மொழியில் அந்தப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் "சாவு" என்ற சொல் வரும்.

இடையில் 1935-இல் டெல் அவிவில் நடந்த மக்காபியா, அதாவது யூதர்களின் சர்வதேச விளையாட்டு விழாவுக்குப் போய்த் தங்கம் வென்று வந்தார். தன் சண்டைக்கால்சட்டையில் தாவீதின் நட்சத்திரத்தைப் பொறித்துக்கொண்டு ரிங்கில் ஏறியவர் அவர். யாரும் சொல்லாமல், தானாக விரும்பி.

1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்தது. 1941 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் யூதர் பகுதிக்குள் என்எஸ்பி-யின் சீருடை அடியாட்கள் புகுந்து கடைகளை உடைத்தபோது, அவர்களை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களில் குத்துச்சண்டைக் கூடங்களில் பயின்ற யூத இளைஞர்கள் பலர். மோதலில் அடியாட்களில் ஒருவர் இறந்தார். அதற்குப் பழிவாங்க, ஜெர்மானியர்கள் நானூறுக்கும் மேற்பட்ட யூத ஆண்களைச் சுற்றி வளைத்துப் பிடித்துப் போனார்கள். அதைக் கண்டித்து பிப்ரவரி 25, 26-இல் ஆம்ஸ்டர்டாமில் டிராம் முதல் துறைமுகம் வரை வேலைநிறுத்தம். இதைப் பிரிலின் சாகசமாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் உருவான உலகம் எப்படிப்பட்டது என்று காட்டத்தான் சொன்னேன். குத்துச்சண்டை அந்தப் பகுதியில் பொழுதுபோக்கு மட்டும் இல்லை.

அதே வருடம் செப்டம்பரில் பூங்கா, உணவகம், விளையாட்டு மைதானம் எல்லாவற்றிலும் "யூதர்களுக்குத் தடை" என்ற பலகை டச்சு மொழியிலேயே தொங்கியது. 1934-இல் எந்தப் பலகையைப் பார்த்து அவர் ஒரு நாட்டுக்கே போக மறுத்தாரோ, அது அவர் ஊருக்கே வந்துவிட்டது. எட்டு முறை சாம்பியனானவர் தன் சொந்த ஊரில் ஒரு பயிற்சிக் கூடத்துக்குள் நுழைய முடியாது. 1942 மே மாதம் முதல் மஞ்சள் நட்சத்திரத்தைச் சட்டையில் தைத்துக்கொள்வது கட்டாயம். கால்சட்டையில் அவர் பெருமையாகப் போட்ட அதே நட்சத்திரம்.

பிரிலும் மனைவி செலியாவும் மகனும் பிடிபட்டு, முகாம்கள் வழியாகக் கடைசியில் பெர்கன்-பெல்சனுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். ஆன் ஃபிராங்க் இறந்தாளே, அதே முகாம். இங்கே ஒரு பெயர் அடிக்கடி வரும்: சாம் ஒலெய். 1928 ஒலிம்பிக்கில் பிரிலோடு ஒரே டச்சு அணியில், ஹெவிவெயிட்டில் சண்டை போட்டவர். ஆக்கிரமிப்புக் காலத்தில் நாஜிகள் பக்கம் போய்விட்டார். அதில் சந்தேகமில்லை. பிரில் குடும்பம் பிடிபட்டதில் ஒலெய் குடும்பத்தின் கை இருந்ததாகவே பெரும்பாலான குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் சில தந்தை சாமைச் சொல்கின்றன, சில அவர் மகனைச் சொல்கின்றன. இந்த இடத்தில் உறுதியாக விரல் நீட்டும் பதிவு எதையாவது படித்தால் உடனே நம்பிவிடாதீர்கள். எது எப்படியோ, ஒரே உடை மாற்றும் அறையில் கையில் துணி சுற்றிக்கொண்ட இருவர், பதினைந்து வருடம் கழித்து எதிரெதிரே நின்ற கதை இது. ரிங்குக்குள் எத்தனையோ கெட்டதைப் பார்த்திருக்கிறேன். இதைப் படித்தபோதுதான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

முகாம் நாட்களைப் பற்றி இன்னொரு சம்பவமும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தெற்கு நெதர்லாந்தில் இருந்த வுக்ட் முகாமில், தப்பிக்க முயன்ற ஒரு கைதியைச் சவுக்கால் அடிக்கச் சொல்லி, குத்துச்சண்டைக்காரர் என்பதால் பிரிலைக் கூப்பிட்டார்களாம். அவர் மறுத்துவிட்டாராம். அடுத்து என்ன நடந்தது என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் கதை கொஞ்சம் மாறும். மறுத்தார் என்பது மட்டும் எல்லா வடிவத்திலும் இருக்கிறது. அடிக்கத் தெரிந்த கை எதை அடிக்காது என்பதையும் அவரே முடிவு செய்தார் என்று இதைப் புரிந்துகொள்கிறேன்.

அவரும் மனைவியும் மகனும் உயிரோடு திரும்பினார்கள். இது எவ்வளவு அபூர்வம் என்பதற்கு ஒரு கணக்கு: நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவிலேயே மோசமான விகிதம் அது. பிரிலின் உடன்பிறந்தவர்களிலும் பலர் திரும்பவில்லை. 1928-இல் அதே ஆம்ஸ்டர்டாம் விழாவில் தங்கம் வென்ற டச்சுப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் ஐந்து பேர் யூதர்கள். அவர்களில் எல்கா டி லெவி ஒருவர்தான் தப்பினார். மற்ற நால்வரும், அணியின் பயிற்சியாளர் ஹெரிட் கிளீர்கோப்பரும் 1943-இல் முகாம்களில் கொல்லப்பட்டார்கள். நம் ஆட்களுக்கு 1928 என்றால் தியான்சந்தும், இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 3-0 என்று வென்ற ஹாக்கித் தங்கமும் ஞாபகம் வரும். அந்த வெற்றியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அதே விழாவில் நின்ற அந்தப் பெண்களும் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார்கள். தங்கப் பதக்கம் அவர்களைக் காப்பாற்றவில்லை. ரோட்டர்டாமின் லீன் சாண்டர்ஸ் என்ற இன்னொரு யூதக் குத்துச்சண்டை வீரர் ஆஷ்விட்ஸில் அடைக்கப்பட்டு உயிர் பிழைத்தார். அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும் பிழைக்கவில்லை. ஆகவே "பதக்கம் இல்லையே" என்று நீங்கள் கேட்டபோது, கேள்வி தப்பில்லை, ஆனால் அந்தத் தலைமுறைக்கு அது ரொம்பச் சின்ன கேள்வி என்று தோன்றியது.

போருக்கு அப்புறம் அவர் நடுவரானார். இதைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமான பகுதி. அமெச்சூர் குத்துச்சண்டையில் சர்வதேச நடுவராகி, ஒலிம்பிக் போட்டிகளிலும் பணியாற்றினார். பெர்லினுக்குப் போகாமல் விட்ட ஒலிம்பிக் ரிங்குக்குள், வெள்ளைச் சட்டையும் கறுப்பு போ டையுமாக அவர் திரும்ப ஏறினார்.

நடுவர் வேலை வெளியிலிருந்து பார்க்க எளிது. "பாக்ஸ்", "பிரேக்", "ஸ்டாப்" என்று மூன்று வார்த்தை, எட்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும் என்பார்கள். உள்ளே நின்றால்தான் தெரியும். அடி வாங்கியவனின் கையைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, கண்ணைப் பார்க்க வேண்டும். கூட்டம் கத்தும், கார்னரிலிருந்து கோச் கத்துவார், இன்னும் ஒரே ஒரு நிமிடம்தான் என்று பையனே கெஞ்சுவான். எல்லாவற்றையும் மீறி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் அசைத்து, போதும் என்று சொல்ல வேண்டும். ஒரு வினாடி முன்னால் நிறுத்தினால் திட்டு, ஒரு வினாடி பின்னால் நிறுத்தினால் ஆஸ்பத்திரி. நல்ல வீரர்கள் எல்லோரும் நல்ல நடுவர்கள் ஆவதில்லை. பெரும்பாலானோர் ஆவதே இல்லை, அவர்களுக்கு ரத்தம் இன்னும் சூடாக இருக்கும். கை ஓங்க மறுக்கத் தெரிந்தவர்கள், வாய்ப்பு வந்தும் வேண்டாம் என்று சொல்லிப் பழகியவர்கள் ஆவார்கள் என்பது என் அனுபவம். பிரில் எப்படிப்பட்ட நடுவர் என்று நான் நேரில் பார்த்ததில்லை. இது ஒரு சக தொழிலாளியின் ஊகம், அவ்வளவே.

2003 செப்டம்பர் 11 அன்று, தொண்ணூற்றொரு வயதில், பிறந்த ஊரான ஆம்ஸ்டர்டாமிலேயே இறந்தார். அவர் பெயரில் அங்கே நினைவுக் குத்துச்சண்டைப் போட்டி நடத்துகிறார்கள், கார்ரே என்ற பழைய சர்க்கஸ் அரங்கில். ரோட்டர்டாமில் வான் கிளாவெரன் பெயரில் ஒன்று, ஆம்ஸ்டர்டாமில் பிரில் பெயரில் ஒன்று. தங்கம் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும்.

எடைப் பிரிவு பற்றி நீங்கள் கடைசியில் கேட்டதற்கு: பிரில் எந்தப் பிரிவுக்காரர் என்று ஒரே சொல்லில் எழுத முடியாது. ஒலிம்பிக் பதிவைப் பார்த்தால் ஃப்ளைவெயிட், ஏனென்றால் அதில் அவர் இருப்பது பதினாறு வயதுப் பையனாக மட்டும். லைட்வெயிட் என்பது 1928-இல் 61.24 கிலோ வரை. 1952-இலிருந்து 2016 ரியோ ஒலிம்பிக் வரை 60, அப்புறம் அதையும் மாற்றிவிட்டார்கள். அதனால் பழைய வீரர்களை இன்றைய பிரிவுப் பெயரை வைத்துத் தேடினால் ஆள் மாறிப் போகும். பெயரையும் பிறந்த வருடத்தையும் போட்டுத் தேடுங்கள். ஒலிம்பிக் பதிவில் 1928-ஐ மட்டும் பார்த்துவிட்டு, 1936-இல் ஏன் காலியாக இருக்கிறது என்று யாராவது கேட்டால், இந்தப் பதிலைக் காட்டுங்கள்.